கிழக் காவற்காரனின் உறக்கம்

தூத்துக்குடிக்கு இரவில் உறங்கும் வழக்கம் அதிகம் கிடையாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றை நம்பித் தோணிகள் நள்ளிரவில் புறப்படும். விடியும் வேளையில் முத்துப் பார்களின் மேல் நிற்கும். பிற்பகலில் கடற்காற்றுத் திரும்பியதும் கரை வந்து சேரும். 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் விழித்திருக்கும் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்கு விடிய விடிய வேலை. மீன்பிடி துறையில் விசைப்படகுகள் பொழுது புலருமுன் எஞ்சினை முடுக்கிக் கொண்டு கிளம்புகின்றன. உப்பு மூட்டை ஏற்றிய லாரிகளோ நேரம் காலம் பார்ப்பதில்லை. உறங்கிக் கிடந்த தேசத்தைத் தட்டி எழுப்பிய வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்திய ஊர் அல்லவா? அது உறங்காமலிருப்பதில் ஆச்சரியமில்லை என்று நாம் நினைத்துக் கொண்டோம்.

ஆனால் சென்ற சித்திரையில் அவ்வூரில் நம்மை உறங்கவொட்டாமல் செய்தது கப்பலுமல்ல, லாரியுமல்ல. ஒரு கிழ நாய்தான்.

பழைய துறைமுகத்துக்குச் சமீபத்தில் நண்பர் ஒருவருடைய வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. முன்புறம் திண்ணையும் பின்புறம் முற்றமும் உள்ள பழைய காலத்து வீடு. இரவு மச்சில் பாயை விரித்துப் படுத்தோம். கண்ணயர்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம், கீழே 'டக், டக்' என்று நகங்கள் தரையில் படும் ஓசை கேட்டது. முற்றத்திலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை வாசல், அங்கிருந்து மறுபடியும் முற்றம். பிறகு ஒரு முனகல். அதற்குப் பின் நீண்ட ஊளை. யாரோ அதட்டினார்கள். சற்று அமைதி. மீண்டும் 'டக், டக்'. கோழி கூவும் வரையில் இதுவே கதை.

மறுநாள் காலையில் காப்பி வருவதற்கு முன்பே வழக்கு வந்துவிட்டது. எதிரி பதின்மூன்று வயதான முத்து என்னும் நாய். நல்ல செவலை நிறம். மார்பில் ஒரு வெள்ளைத் திட்டு. மூக்கைச் சுற்றிலும் நரை. அது பாவம், திண்ணையோரத்தில் தலையைச் சாய்த்துக் கொண்டு, இரவில் வராத உறக்கத்தைக் காலை வெயிலில் உறங்கிக் கொண்டிருந்தது.

"நடு ராத்திரியில் நாய் அழுவது வீட்டுக்கு ஆகாது, தம்பி. எமன் வருவது அதன் கண்ணுக்குத் தெரியும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள்" என்றார் வீட்டு ஆச்சி. எதிர் வீட்டுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாராம். நண்பர் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். ஒரு மாதமாக உறக்கமில்லாமல் கணக்கில் தப்பு விழுகிறது என்றார். "வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன்பிடி துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமென்றிருக்கிறேன். அங்கே மீன் கழிவு கிடைக்கும், எப்படியும் பிழைத்துக் கொள்வான்" என்று சொன்னபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய பெண் குழந்தை, "அப்பா! நம் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் மூலையில் நிற்கிறானே, அங்கே எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நாம் மட்டும் நண்பரிடம் பதினைந்து நாள் தவணை கேட்டோம். அவர் தயக்கத்துடன் சம்மதித்தார். அந்தப் பதினைந்து நாளில் நாம் கற்றுக்கொண்டதையும், வைத்தியர்கள் சொல்லக் கேட்டதையும், பிற தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்ததையும் நேயர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. கிழ நாய் வைத்திருக்கும் வீடுகள் நம் நாட்டில் பல்லாயிரம் உண்டு. அவற்றில் எத்தனை வீடுகளில் இன்றிரவு இந்த வழக்கு நடக்கிறதோ, யார் கண்டார்கள்!

அபசகுனமல்ல, முறையீடு

முதலாவதாக மனத்தில் பதிய வேண்டிய விஷயம் இது: கிழ நாய் இரவில் உறங்காமல் அலைவதும் அழுவதும் கெட்ட பழக்கமல்ல, சகுனமுமல்ல. அது ஒரு முறையீடு. வாய் பேசத் தெரியாத ஜீவன் தன் தேகத்தில் ஏதோ ஒரு குறை இருப்பதைத் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்கிறது. அந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை.

நாயின் உறக்கம் நம்முடைய உறக்கத்தைப் போன்றதன்று. நாம் இரவில் ஒரே மூச்சாக உறங்குகிறோம். நாய் இரவும் பகலுமாகப் பல துண்டுகளாக உறங்குகிறது. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் ஆகும். வயது ஏற ஏற மொத்த நேரம் கூடும். ஆனால் துண்டுகள் சிறுத்துப் போகும். உறக்கத்தில் கால்கள் துடிப்பதையும், மெல்லிய குரலில் குரைப்பதையும் பார்த்திருப்பீர்கள். மனிதர் கனவு காணும்போது கண்மணிகள் மூடிய இமைக்குள் ஓடுவதுபோல் நாய்க்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் அதைத் தட்டி எழுப்பலாகாது.

ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரின் ஏட்வஷ் லோராண்ட் சர்வகலாசாலையில், நாயின் தலையில் வலியில்லாமல் சிறு கம்பிகளை ஒட்டி, அது உறங்கும்போது மூளையில் எழும் மின்சார அலைகளைப் பதிவு செய்யும் முறையை வகுத்தார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாகாண சர்வகலாசாலையார் இதே விதமாக 28 கிழ நாய்களைப் பிற்பகல் வேளையில் உறங்க வைத்துச் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அறிவு மங்கிய நாய்கள், கனவு வரும் உறக்கம், ஆழ்ந்த உறக்கம் இரண்டையுமே குறைவாகப் பெற்றன என்று தெரிய வந்தது. மறதி கண்ட மனிதர்களிடமும் வைத்தியர்கள் இதைப் போன்ற குறைவையே காண்கிறார்கள். ஆக, "நாய்தானே, பகலெல்லாம் தூங்குகிறதே" என்று தள்ளிவிடுவது சரியன்று. பகலில் அது உறங்குவது இரவின் கடனைத் தீர்ப்பதற்காகவும் இருக்கலாம்.

வைத்தியர் கைபட்ட இடம்

முத்துவைச் சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கொண்டு போனோம். வைத்தியர் முதலில் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தார். பிறகு இடுப்பெலும்பின் மேல் கைவைத்து மெதுவாக அழுத்தினார். அதுவரை சாதுவாக நின்ற நாய் திரும்பி அவர் கையை மூக்கால் தள்ளிற்று. "இங்கே வலிக்கிறது. பகலில் நடந்து கொண்டே இருப்பதால் தெரியவில்லை. இரவில் ஒரே பக்கமாகப் படுத்ததும் மூட்டு இறுகிப் போகிறது. எழுந்து நடந்தால் கொஞ்சம் தளரும். அதனால்தான் நடக்கிறது" என்றார் அவர். ஒரு மாதம் நம் நண்பர் வீட்டார் கேட்டு எரிச்சலடைந்த 'டக், டக்' ஓசைக்குப் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

மூட்டு வலியைத் தவிர வேறு பல காரணங்களும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தாலும், நீரிழிவு வந்தாலும், நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். இரவில் பலமுறை வெளியே போக வேண்டியிருக்கும். கருத்தடை செய்யப்பட்ட கிழப் பெட்டை நாய்களில் சிலவற்றுக்குப் படுத்த இடத்திலேயே சிறுநீர் கசியும். அந்த ஈரத்தில் அதற்கு உறக்கம் வராது. இருதயம் பலவீனப்பட்டால் படுத்தவுடன் இருமல் வரும். சொத்தைப் பல், காதுப் புண், உண்ணிக் கடி இவற்றில் எதுவும் இரவைக் கெடுக்கப் போதும். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு இருட்டு என்பதே ஒரு பயம். ஆகையால் இரத்தமும் சிறுநீரும் சோதித்து, பல்லும் கண்ணும் பார்த்த பிறகே மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். நமது ஜில்லா ஆஸ்பத்திரியில் தீராத விஷயமானால், பக்கத்திலேயே திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை வைத்தியக் கல்லூரி இருக்கிறது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. "நமக்கு வலித்தால் போடும் மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் என்ன?" என்று எண்ணுகிற நல்ல மனசுக்காரர்கள் பலர். பாராசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கக் கூடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியவை அதன் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பாழாக்கும். டைக்ளோஃபினாக் ஊட்டப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் இத்தேசத்தில் கூட்டம் கூட்டமாக மடிந்ததால், 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்தைச் சர்க்கார் தடை செய்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம். மனிதர்களின் தூக்க மாத்திரையும் அப்படியே. சில மாத்திரைகளில் சேர்க்கப்படும் சைலிடால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. நாய்க்கென்று தனியே வலி மருந்துகள் இருக்கின்றன. அவற்றை அளவறிந்து கொடுக்க வைத்தியரால்தான் முடியும்.

வழி மறந்த வீடு

அந்தக் குழந்தை சொன்னதை வைத்தியரிடம் நாம் சொன்னோம்: வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் மூலையில் நிற்கிறது. அவர் தலையை அசைத்து, "அதுவும் ஒரு காரணந்தான்" என்றார்.

மனிதருக்கு முதுமையில் மறதி நோய் வருவதுபோல் நாய்களுக்கும் வருகிறது. கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கும் பக்கத்தில் போய் நிற்பது. பழகினவர்களைச் சற்று நேரம் அடையாளம் தெரியாமல் பார்ப்பது. பல வருஷம் பிசகாத சுத்தம் பிசகிப் போவது. காரணமின்றிச் சுவரைப் பார்த்துக் கொண்டிருப்பது. பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றிக் கொள்வது. இவையெல்லாம் அதன் அறிகுறிகள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 11, 12 வயது நாய்களில் 28 சதவிகிதத்திடமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவிகிதத்திடமும் இவ்வகை அறிகுறிகளில் ஒன்றாவது காணப்பட்டது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அதே தேசத்தில் திரட்டிய விவரங்கள் 2022-ல் வெளியாயின. வயதில் ஓர் ஆண்டு கூடுந்தோறும் இந்நோய்க்கான வாய்ப்பு 52 சதவிகிதம் கூடுவதாக அவை காட்டுகின்றன. சுறுசுறுப்பாக ஓடியாடும் நாய்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. ஓட்டம் நோயைத் தடுத்ததா, நோய் ஓட்டத்தைத் தடுத்ததா என்பது தீர்ந்த விஷயமன்று. எப்படியானாலும் இயன்ற அளவு நடத்திச் செல்வதில் நஷ்டமில்லை.

இந்நோயை முற்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் அதன் வேகத்தைத் தணிக்கவும், இரவை ஓரளவு சீராக்கவும் மருந்தும் உணவும் உண்டு. அவற்றைக் காட்டிலும் பெரிய உதவி வீட்டாருடைய ஒழுங்கு. உணவு, நடை, படுக்கை மூன்றும் தினமும் ஒரே நேரத்தில் நடந்தால், மங்கிய மூளைக்கு அதுவே ஒரு கடிகாரம்.

படுக்கை

கிழ நாய்க்கு வெறும் தரை ஆகாது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் தளம் பளபளவென்று வழுக்கும். எழுந்திருக்கக் காலை ஊன்றினால் நான்கு காலும் நான்கு திசையில் போகும். ஒரு முறை விழுந்த நாய் மறுமுறை எழுந்திருக்கவே அஞ்சும். ஆகையால் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும், அங்கிருந்து முற்றத்து வாசலுக்கும் சாக்குப் பையையோ தென்னை நார் மிதியடியையோ வரிசையாக விரித்து ஒரு பாதை போடுங்கள். ஓரங்களைத் தடுக்காதபடி தைத்து விடுங்கள். முத்துவின் வீட்டில் முதலில் செய்தது இதுதான். செலவு ஒன்றுமில்லை, உப்பு மூட்டைச் சாக்குகள் கிடைத்தன, நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்தினார்கள்.

படுக்கைக்குப் பழைய இலவம் பஞ்சு மெத்தை உத்தமம். இல்லாவிட்டால் பழஞ் சேலைகளை நாலைந்து மடிப்பாகத் தைத்த கந்தல் மெத்தையே போதும். எலும்பு தரையில் இடிக்கக் கூடாது. அதே சமயம் ஏறி இறங்க வேண்டிய உயரமும் கூடாது. கட்டிலில் படுத்துப் பழகிய நாயானால் கட்டிலையே தரைக்குக் கொண்டு வாருங்கள். மேலுறை கழற்றித் துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

நம் கடற்கரையில் வெப்பத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது இளைத்தும் பயனில்லை. இளைக்கிற நாய் உறங்குவதெப்படி? காற்று வரும் பக்கமாகப் படுக்கையை மாற்றுங்கள். மின்விசிறி மெதுவாகச் சுழலட்டும். அதன் சீரான ஓசை துறைமுகத்துச் சங்கொலியையும் லாரியின் முழக்கத்தையும் சற்று மறைக்கும். மெத்தைக்குப் பக்கத்திலேயே வெறும் பாய் ஒன்றும் கிடக்கட்டும்; சூடானால் அது தானே மாறிப் படுத்துக் கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. ஈரத்தில் மூட்டு வலி மிகும். 2023-ஆம் வருஷம் டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியதை இந்த ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் படுக்கையைப் பலகை மேல் வைத்து, சாரல் படாத உட்புறத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

கண் மங்கிய நாய்க்கு ஒரு சிறிய இராவிளக்கு பெருந்துணை. நாற்காலி, பெட்டிகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டாம். தண்ணீரை வாயகன்ற மண்சட்டியில் ஊற்றி, ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். கழுத்தை மிகத் தாழ்த்தும் சிரமம் இராது.

பகலில் செய்வது இரவுக்கு

நல்ல இரவு காலையிலேயே தொடங்குகிறது. வெயில் ஏறுமுன் ஒரு நடை. மாலையில் ஒரு நடை. படுக்குமுன் முற்றத்தைச் சுற்றி ஒரு சிறு நடை. நீண்ட ஒரே நடையைவிடக் குறுகிய மூன்று நடைகள் மேல். நம் புறங்கையைத் தெருவில் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. கடற்கரைக்குப் போனால் அலை நனைத்து இறுகிய மணலில் நடத்துங்கள். காலைப் புதைக்கும் உலர்ந்த மணல் மூட்டுக்கு ஆகாது. அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுங்கள். மோப்பந்தான் அதற்குச் செய்தித்தாள். ஆனால் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனை வாயில் கவ்வ விடாதீர்கள். அதன் நஞ்சு ஆளையும் கொல்லும், நாயையும் கொல்லும். கடல் நீரையும் குடிக்க விடலாகாது.

உணவில் முத்துவின் வீட்டில் ஒரு ரகசியம் வெளியாயிற்று. இரவு எல்லோரும் சாப்பிட்டான பிறகு, ஆச்சி அன்புடன் கருவாட்டுச் சோறு பிசைந்து வைப்பாராம். பதின்மூன்று வருஷத்து வழக்கம். கருவாட்டில் உப்பு ஏராளம். உப்பு தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடித்தவன் வெளியே போக வேண்டும். வெளியே போகக் கதவு சாத்தியிருந்தால் அழ வேண்டும். ஊளைக்கு எமன் காரணமல்ல. கருவாடும் ஒரு காரணம்! இதைக் கேட்டு ஆச்சி வெகுநேரம் பேசாமலிருந்தார்.

மாலை ஆறு, ஏழு மணிக்குள் உப்பில்லாத, எளிதில் செரிக்கும் உணவு கொடுத்துவிடுங்கள். முள் நீக்கிய மீனும் சோறும் நல்லது. வெங்காயம், உலர்ந்த திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. தூத்துக்குடி மக்ரூன் உலகப் பிரசித்தமானதுதான். ஆனால் கிழ நாய்க்கு அந்தச் சர்க்கரை வேண்டாம். இரவில் வெளியே போகாமலிருப்பதற்காகத் தண்ணீரை எடுத்து வைத்துவிடுவது பெருந்தவறு. சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு அது ஆபத்தாகவே முடியும்.

நள்ளிரவில் விழித்தால்

அதட்டாதீர்கள். ஏன் அதட்டுகிறோம் என்பது அதற்குத் தெரியாது; பயம் மட்டும் கூடும். காது மந்தமான நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். எதிரே வந்து, கையை மோந்து பார்க்க விட்டு, மெல்லப் பேசி, முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காரியம் ஆனதும் மறுபடி படுக்கைக்கு. நடுவில் தின்பண்டமும் விளையாட்டும் வேண்டாம். கொடுத்தால் மறுநாளும் அதே நேரத்துக்கு விருந்தாளி வந்துவிடுவார்.

நம் வீடுகளில் நாய்க்கு இடம் திண்ணை அல்லது கொல்லை. இளமையில் அது சரி. கண்ணும் காதும் போன பிறகு, இருட்டில், சங்கிலியில், தனியாகக் கிடப்பது அதற்கு ஆயுள் தண்டனை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் காலந் தவறாமல் போட்டு, சுத்தமாக வைத்திருந்தால், வீட்டினுள் ஒரு மூலையில் படுப்பதில் தோஷமில்லை. மனிதர் மூச்சு விடும் ஓசை கேட்கும் தூரத்தில் இருந்தாலே பல நாய்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு விழித்தது, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் கழித்ததா, எப்பொழுது மறுபடி படுத்தது என்று எழுதி வாருங்கள். முத்துவின் கணக்கை அந்தக் குழந்தைதான் எழுதினாள். ஆபீஸ் கணக்கைவிடச் சுத்தமாக இருக்கிறதென்று அவள் தகப்பனாரே ஒப்புக் கொண்டார். அதைப் பார்த்துத்தான் வைத்தியர் மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றினார்.

யாருடைய பொறுப்பு?

"இத்தனை பாடு ஒரு நாய்க்கா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தருமபுத்திரர் நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நாடு நம்முடையது. இதே ஜில்லாவில் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், குழந்தைகளுக்காகப் பாடிய பாப்பாப் பாட்டில் நாயையும் சேர்த்துக் கொண்டார். காந்தியடிகள் 1926-ல் 'யங் இந்தியா' பத்திரிகையில் தெரு நாய்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். வெறிநாயைக் கொல்வது பற்றிய அவருடைய அபிப்பிராயம் அன்று பெரிய சர்ச்சையைக் கிளப்பிற்று. ஆனால் அந்தக் கட்டுரைகளின் உட்கருத்து, நாய் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பொறுப்பாளி இருக்க வேண்டும் என்பதே. தெருவில் கேட்பாரற்றுத் திரியும் நாய் சமூகத்தின் அசிரத்தைக்கு அடையாளம் என்று அவர் கருதினார். வளர்த்த நாயை முதுமையில் தெருவில் விடுகிறவர் அந்த அசிரத்தையை ஒன்று கூட்டுகிறார்.

இது தர்மம் மட்டுமல்ல; சட்டமுங்கூட. ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்துக் கொண்ட முயற்சியின் பயனாக, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படியான நிலையில் ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றமாகும். மீன் கழிவு கிடைக்கும் இடமென்றாலும், வழி தெரியாத கண் மங்கிய நாய் அங்கே இளம் நாய்களோடு போட்டியிட்டு எத்தனை நாள் பிழைக்கும்?

எந்த வைத்தியமும் முதுமையை ஒழித்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்ன செய்தும் வலி தணியாமல், உணவும் செல்லாமல், இரவும் பகலும் வேதனையாகவே கழியும் நிலை சில நாய்களுக்கு வரலாம். அப்போது அதை அமைதியாக உறங்க வைத்துவிடலாமா என்பதை வைத்தியருடன் கலந்து, வீட்டார் மனமொத்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவும் தெருவில் விடுவதும் ஒன்றல்ல. கடைசி வரையில் பழகிய கை அதன் தலைமேல் இருக்க வேண்டும்.

தவணை முடிந்து பதினாறாம் நாள் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. முத்து முற்றும் குணமாகிவிடவில்லை. இரவில் இன்னும் ஒரு முறை, மூன்று மணி சுமாருக்கு எழுந்திருக்கிறது. சாக்குப் பாதையில் நடந்து முற்றத்துக்குப் போய்த் திரும்புகிறது. சில நாள் கதவின் கீல் பக்கத்தில் போய் நிற்கிறது. ஊளை நின்றுவிட்டது. எதிர் வீட்டுக்காரர் பழையபடி சிரித்துப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடி துறைக்குப் போவது பற்றிய பிரஸ்தாபமே இல்லை.

மூன்று மணிக்கு முத்துவுக்குக் கதவைத் திறந்து விடுகிறவர் யார் தெரியுமா? ஆச்சிதான். அவருக்கும் அந்த நேரத்துக்கு மேல் முழங்கால் வலியால் உறக்கம் வருவதில்லையாம். "எனக்கு நோகிறதென்றால் தைலம் கொண்டு வந்து தேய்க்கிறீர்கள். அவன் நோகிறதென்று அழுதான்; எமனைக் கூப்பிடுகிறான் என்றேனே, பாவி!" என்று மகனிடம் சொன்னாராம். முத்துவின் மெத்தைக்கு மேலுறையாகத் தம்முடைய பழைய சுங்கடிச் சேலையைத் தாமே தைத்துப் போட்டிருக்கிறாராம்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் நரைத்த மூக்குடன் ஒரு காவற்காரன் இருக்கலாம். நீங்கள் நிம்மதியாக உறங்குவதற்காக அவன் எத்தனையோ இரவுகள் விழித்திருந்தான். இன்றிரவு அவன் எழுந்து நடந்தால், அதட்டுமுன் விளக்கை ஏற்றி, எங்கே நோகிறதென்று பாருங்கள்.